வேறு ஊர் மழை

பெருமுக்கல் மலையைத் திண்டிவனம் பக்கத்திலிருந்து பார்த்தால் உச்சியில் கோயில் தெரியும். மறுபக்கத்திலிருந்து பார்த்தால் கல்குவாரிதான் தெரியும். அந்த மறுபக்கத்து ஊரில் செல்போனில் தட்டுத்தடுமாறிப் பேசலாம். ஒரு படம் அனுப்ப வேண்டுமென்றால் தார்ரோடு வரைக்கும் வண்டியில் போக வேண்டும். கம்பத்துக்குக் கம்பம் ஃபைபர் கேபிள் இழுத்துப் பார்த்தார்கள். கல் ஏற்றிய லாரிகள் அதை அறுத்துக்கொண்டு போயின. மறுபடி இழுத்தார்கள், மறுபடியும் அறுந்தது. கடைசியில் விழுப்புரத்து அறக்கட்டளைக்காரர்கள் கம்பத்தை விட்டுவிட்டு வானத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மூடிக்கிடந்த பால் சொசைட்டிக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, மொட்டை மாடியில் ஒரு பெரிய டிஷ்ஷை நட்டு, உள்ளே ஒரு டிவி, ஒரு காமிரா, ஈ.சி.ஜி. மெஷின், பிரஷர் பார்க்கும் கருவி எல்லாம் வைத்து, அங்கே அன்புச்செல்வியை உட்காரவைத்தார்கள். சென்னையில் ஒரு டாக்டரம்மா திரையில் வருவார். இவள் நோயாளியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

அன்புச்செல்வி அதே ஊர்க் காலனிக்காரி. அப்பா விருத்தாசலம் குவாரியில் லோடு ஏற்றுபவர். அம்மா செண்பகம் களையெடுக்கப் போவாள். திண்டிவனத்தில் நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கால் வீங்க வீங்க நின்று வேலை கற்றவள். சொந்த ஊரிலேயே வேலை என்றதும் ஓடி வந்தாள். புதுச்சேரியில் பழகிய பழக்கத்தில் எல்லோரையும் சார், மேடம் என்றுதான் கூப்பிட்டாள். அவள் அம்மா குனிந்த தலையோடு 'ஐயா', 'அம்மா' என்று கூப்பிட்டவர்களை மகள் நிமிர்ந்து உட்கார்ந்து 'சார்' என்று கூப்பிட்டது ஊரில் சிலருக்கு உறுத்தியது. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை.

முதல் வாரம் வெள்ளையம்மாள் வந்தாள். ஊரில் நிலபுலம் உள்ள சக்கரபாணியின் மனைவி. நாற்காலியில் உட்காராமல் வாசல்படியிலேயே நின்று, "வேற ஆளு யாரும் இல்லியா?" என்றாள்.

"நான்தான் மேடம் இருக்கேன். கைய நீட்டுங்க, பிரஷர் பாக்கலாம்."

வெள்ளையம்மாள் நீட்டவில்லை. திரையிலிருந்த டாக்டரம்மா, "சிஸ்டர், அவங்களுக்குப் பல்ஸ் எவ்ளோ?" என்று கேட்டார். சிஸ்டர் என்று இவளைத்தான் கேட்கிறார் என்பது புரிய வெள்ளையம்மாளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள். அன்று சாயங்காலம் அன்புச்செல்வி வீட்டுக்குப் போகும்போது அந்த 'சிஸ்டர்' என்ற சொல்லை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வெள்ளையம்மாளின் கணவர் சக்கரபாணி அப்படியில்லை. வாரம் தவறாமல் வருவார். சட்டையைத் தானே கழற்றிவிட்டு, "எந்தப் பக்கம் ஒட்டப்போற, ஒட்டு" என்று படுத்துக்கொள்வார். திரையில் டாக்டரம்மா வந்தவுடன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வணக்கம் வைப்பார். "எம்மாந் தூரத்துல இருந்துக்கினு என் நெஞ்ச பாக்குது பாரு அந்தப் பொண்ணு" என்று அதிசயப்படுவார்.

மழைக்காலம் வந்தபோதுதான் அந்த டிஷ்ஷின் குணம் தெரிந்தது. ஐப்பசியில் முதல் பெருமழை அடித்தபோது டாக்டரம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, குரல் தேய்ந்து, திரை கறுத்துப்போனது. மோடத்தில் பச்சை விளக்கு போய்ச் சிவப்பு வந்தது. தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து, திண்டிவனத்திலிருந்து டிஷ்ஷை மாட்டிவிட்டுப் போன செல்வகுமாருக்கு அவள் போன் போட்டாள். அவன் அந்த இன்டர்நெட் கம்பெனியின் டெக்னீஷியன். நனைந்துகொண்டே வந்து சேர்ந்தவன் மேலே ஏறிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுக்கா கூப்ட்ட? இது மழைம்மா. சேட்டிலைட்டு எங்கியோ மேல கீது. அங்கேர்ந்து வர்ற சிக்னலு நம்ம தட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள கொசு முனகற மாதிரி ஆயிடும். நடுவுல ஜோன்னு மழ ஊத்துச்சின்னா அந்தத் தண்ணியே அத்த குடிச்சிடும். தூறலுக்கு ஒண்ணும் ஆவாது. பெரிய மழைக்குத்தான் பேஜாரு. மழ கொறைஞ்சா தானா வந்துடும். நீ சுவிச்ச கிவிச்ச நோண்டாத."

அதற்குப் பிறகு அவள் பயப்படவில்லை. கடல் பக்கம், மரக்காணம் திசையில் வானம் கறுக்கிறதா என்று காலையிலேயே பார்ப்பாள். கறுத்தால், அவசரமானவர்களை முன்னால் உட்காரவைத்து ஜல்தி ஜல்தியாக முடிப்பாள். மாத்திரை மட்டும் கேட்டு வந்தவர்களை நாளைக்கு வரச் சொல்வாள். புயல் வந்த மாதத்தில் காற்று டிஷ்ஷையே திருப்பிவிட்டது. செல்வகுமார் வந்து நிமிர்த்தும்வரை நாள்கணக்கில் ஒன்றும் வரவில்லை. ஊருக்கும் இது பழகிவிட்டது. 'வெயில் டாக்டரு' என்று பெயரே வைத்தார்கள். "மானம் மூடிக்கினு கீது, இன்னிக்கு வெயில் டாக்டரு வரமாட்டாங்கோ" என்று சிரித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். மழை வந்தால் டாக்டர் இல்லை, வெயில் அடித்தால் டாக்டர் உண்டு. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு அது.

அந்த நாள் ஆவணியில் வந்தது. நல்ல வெயில். வானத்தில் ஒரு பிசிறு மேகம் இல்லை. மலைப் பாறையிலிருந்து சூடு ஆவியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

காலையில் சிலரைப் பார்த்து அனுப்பியிருந்தாள். சக்கரபாணி வந்தார். எப்போதும் முன்னால் வருபவர் அன்றைக்கு வெள்ளையம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நெஞ்சில் என்னவோ அடைக்கிறது என்றார். இவள் படுக்கவைத்து, ஒயர்களை ஒட்டி, ஈ.சி.ஜி. எடுத்து, அனுப்பும் பொத்தானை அழுத்தத் திரும்பினாள். மோடத்தில் சிவப்பு.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கண் கூசியது.

"இன்னாம்மா, டாக்டரம்மா வர்லியா?" என்றார் சக்கரபாணி.

"லைன் இல்ல சார். இப்ப வந்துரும்."

அதை அவள் சொன்னாள். நினைத்துத்தான் சொன்னாள். மழை இல்லாத நாளில் லைன் நின்றால் ஒரு நிமிஷத்தில் வந்துவிடும், இதுவரை அப்படித்தான் வந்திருக்கிறது. பிற்பாடு அந்த இரண்டு வார்த்தையை அவள் எத்தனையோ தடவை தனக்குள் எடுத்துப் பார்த்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மொட்டை மாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்தாள். டிஷ் வைத்தது வைத்தபடி நின்றது. காக்கைகூட இல்லை. இறங்கி வந்தபோது சக்கரபாணியின் நெற்றி நனைந்திருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் அவர் நெஞ்சு முடியெல்லாம் வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. ஈ.சி.ஜி. தாளிலிருந்த கோட்டைப் படிக்க அவளுக்குத் தெரியாது. அந்த வேர்வையைத் தெரியும். புதுச்சேரியில் பார்த்திருக்கிறாள்.

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். சென்னை ஆஸ்பத்திரியில் எடுத்தவர், "கிராஃப் பாக்காம டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சிஸ்டர். டவுட்டா இருந்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க" என்றார். தாளைப் படமெடுத்து அனுப்பிப் பார்த்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நூற்றெட்டுக்கு அடித்தாள். வண்டி கிளம்பி வருகிறது என்றார்கள். அதற்குள் வெள்ளையம்மாள் போனில் சொன்னதைக் கேட்டு, சக்கரபாணியின் மகன் ராஜ்குமார் காரில் வந்து இறங்கினான்.

"சார், காத்துக்கினு இருக்காதீங்க. அப்பாவ இப்பவே வண்டியில ஏத்துங்க. திண்டிவனம் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றாள்.

ராஜ்குமார் அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தான். "டாக்டர் இன்னா சொன்னாங்க?"

"லைன் இல்ல சார். டாக்டர் பாக்கல. நான் சொல்றேன், போயிடுங்க."

"நீ இன்னா டாக்டரா?"

படுத்திருந்த சக்கரபாணியே கையை ஆட்டினார். "வாயுடா அது. காலைல வறுத்த மல்லாட்டைய ரொம்ப துன்னுட்டேன். பெரியாஸ்பத்திரிக்குப் போனா படுக்கப் போட்டுருவானுங்கோ. கொல்லியில மோட்டாரு ஓடிக்கினு கீது. அந்த டாக்டரம்மா வந்து ஒரு வார்த்த சொல்லட்டும், போதும்."

"சார், வேர்வைய பாருங்க சார். இது வாயு இல்ல. தயவு செஞ்சி ஏத்துங்க."

"இப்ப வந்துரும்னு நீதான சொன்னியாம்?" என்றான் ராஜ்குமார். "வரட்டும். அதுக்குள்ள இன்னா அவசரம்?"

வெள்ளையம்மாள் மகனைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், இவளையும் ஒரு தடவை பார்த்தாள். அன்புச்செல்வி அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், நீங்களாவது சொல்லுங்க" என்றாள். வெள்ளையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்படியே நின்றார்கள். சிவப்பு விளக்கு சிவப்பாகவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் சக்கரபாணி எழுந்து உட்கார முயன்று, யாரோ கூப்பிட்டது போலத் திரும்பி, அப்படியே சாய்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சத்தமும் ஓட்டமும்தான். காரின் பின்சீட்டில் அவரைக் கிடத்தி, அன்புச்செல்வி சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் முட்டிபோட்டு, திண்டிவனம் வரைக்கும் அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே போனாள். குழியில் கார் குதிக்கும்போதெல்லாம் கூரையில் அவள் தலை மோதியது. கை மரத்துப்போன பிறகும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் இறக்கியதும், டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்துவிட்டு, "வழியிலேயே போயிட்டார்" என்றார்.

ராஜ்குமார் அம்மாவை அழைத்துக்கொண்டு போனான். இவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டவுன் பஸ் பிடித்து ஊர் திரும்பினாள். பால் சொசைட்டி வாசலில் கூட்டம் நின்றது. உள்ளே மோடத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"லைட்டு எரிஞ்சிக்கினுதான கீது!" என்றான் ஒருவன். "யாரு சொன்னது லைனு இல்லன்னு?"

"காத்து இல்ல, மழ இல்ல. எப்பிடி நிக்கும்?"

"நிக்கல. நிறுத்தி இருக்கும்."

பேச்சு அங்கிருந்து கிளம்பியது. வயலில் தண்ணீர் பாய்வது போல அது தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டது. அவள் போனில் யாரோடோ பேசிக்கொண்டு வாசலில் நின்றாள் என்றார்கள். நின்றாள்தான், நூற்றெட்டோடு பேசினாள். அதற்கு முந்தைய மாதம் களையெடுப்பில் தாமதம் என்று ராஜ்குமார் செண்பகத்தை வரப்பில் வைத்துத் திட்டியிருந்தான். அந்த வன்மம்தான் என்றார்கள். இப்ப வந்துரும், இப்ப வந்துரும் என்று உட்காரவைத்தே கொன்றுவிட்டாள் என்றார்கள். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் ராஜ்குமார் அதைச் சொல்லி அழுதான். பொய் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியாத அளவுக்கு அழுதான்.

கருமாதி முடிந்த பிறகு விழுப்புரத்திலிருந்து அறக்கட்டளையின் மேலாளர் சீனுவாசன் வந்தார். செல்வகுமாரையும் வரவழைத்திருந்தார். செல்வகுமார் மேலே ஏறினான், இறங்கினான், ஒயரைப் பிடித்துப் பார்த்தான், மோடத்தைத் தட்டிப் பார்த்தான்.

"டிஷ்ஷு கரெக்டா கீது சார். கேபிளும் கரெக்டா கீது. மோடமும் நல்லா கீது" என்றான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

எல்லாம் சரியாக இருந்தது. மிச்சமிருந்தது அவள் மட்டும்தான்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் சீனுவாசன். கெட்ட மனிதர் இல்லை. அந்தக் குரலில் கோபமே இல்லாததுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"தெரியல சார். செவப்பு வந்துச்சி. நான் ஒண்ணும் தொடல."

"அன்னிக்கு மழை இல்லையே."

"இல்ல சார்."

"மழை இல்ல, மெஷின்லயும் பழுது இல்லன்னா நான் என்னம்மா சொல்றது? ஊர்ல எல்லாரும் ஒண்ணா நின்னு பேசறாங்க. சென்டரையே இழுத்து மூடுன்றாங்க. நீ கொஞ்ச நாள் லீவுல இரு. சூடு தணியட்டும்."

"நான் போவச் சொன்னேன் சார். அந்த அம்மாவ கேளுங்க. அவங்க இருந்தாங்க."

சீனுவாசன் போய்க் கேட்டாரா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பதும் அப்போது தெரியாது. லீவு முடியவே இல்லை. அடுத்த மாதம் அந்த நாற்காலியில் கலைமதி உட்கார்ந்தாள். ராஜ்குமாரின் சித்தப்பா மகள், கம்ப்யூட்டர் படித்தவள். ஊசி போடத் தெரியாது, கற்றுக்கொள்வாள் என்றார்கள். அவளிடம் கை நீட்ட யாரும் யோசிக்கவில்லை.

செண்பகத்தைக் களையெடுக்கக் கூப்பிடுவது நின்றது. விருத்தாசலம் மட்டும், "போலீசு கேசுன்னு போவாம உட்டாங்களே. அதுவே பெரிசு" என்றார். அப்பா அப்படிச் சொன்ன அன்று அன்புச்செல்வி சாப்பிடாமல் எழுந்து போனாள். ஊரின் மீது வந்த கோபத்தைவிட அதிகமான கோபம் அப்பாவின் அந்த நன்றியின் மீது வந்தது.

வேறு ஆஸ்பத்திரிகளில் கேட்டுப் பார்த்தாள். முன்னால் வேலை பார்த்த இடத்தில் விசாரிக்கிறோம் என்றார்கள். விசாரித்த பிறகு யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. கடைசியில் தார்ரோட்டுக்குக் காலையில் வரும் ஷூ கம்பெனி வேனில் ஏறினாள். தோலுக்குப் பசை தடவும் பிரிவு. அங்கே யாரும் யாரையும் சிஸ்டர் என்று கூப்பிடுவதில்லை. லைன் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் செல்வகுமார் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் டீ டம்ளரைக் கீழே வைத்தான். நழுவப் பார்த்தவன் என்ன நினைத்தானோ, நின்றான்.

"நல்லா கிறியா?" என்றான்.

"இருக்கேன்ணா."

கொஞ்ச நேரம் வெளியே பெய்யும் மழையைப் பார்த்தான். "அன்னிக்கு ஐதராபாத்துல பேய்மழ."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நம்ம டிஷ்ஷுக்கு வர்ற லைனு நேரா மேலேர்ந்து வர்ல. எங்க கம்பெனியோட பெரிய ஸ்டேஷன் ஐதராபாத்துக்கு வெளிய கீது. அங்கேர்ந்து மேல போயி, அப்புறம்தான் இங்க எறங்கும். அங்க பெரிய மழ ஊத்துச்சின்னா இங்க வெயில் அடிச்சாலும் செவப்புதான். எப்பியோ ஒரு தபா அப்பிடி ஆவும். அன்னிக்கு ஆச்சி."

அன்புச்செல்வி அவனையே பார்த்தாள். "எப்ப தெரியும்ணா உங்களுக்கு?"

"மறுநாளே மெசேஜ் வந்துச்சி."

"அப்ப, சீனுவாசன் சார் முன்னாடி மேல ஏறி எறங்கினப்பவே தெரியும்."

அவன் கீழே வைத்த டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமேண்ணா."

"கம்பெனில மூச்சு உடாதன்னுட்டாங்கோ. உயிர் போன கேசு. எங்க பக்கம்னு ஆச்சின்னா காண்ட்ராக்டு பூடும், என் வேலையும் பூடும். எனக்கும் ரெண்டு பொட்டப்புள்ளைங்க." பிறகு நல்ல சேதி சொல்லும் முகத்தோடு, "இப்ப நாக்பூர்ல இன்னொரு ஸ்டேஷன் போட்டுட்டாங்கோ. ஐதராபாத்துல மழைன்னா அங்கேர்ந்து எடுத்துக்கும். இனிமே அந்த மாதிரி ஆவாது" என்றான்.

"ஊருக்கு வந்து ஒரு தரம் சொல்லுங்கண்ணா."

"இப்ப வந்து இன்னாத்துக்கும்மா? எல்லாம் மறந்துருப்பாங்கோ."

டீக்குக் காசு கொடுத்துவிட்டு அவன் மழையிலேயே இறங்கிப் போனான்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். விருத்தாசலம் இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டார். "ஐதராபாத்துல பேஞ்ச மழைக்கு நம்ம ஊர்ல எப்பிடிம்மா நிக்கும்?" என்றார். பெற்ற அப்பனுக்கே அது கட்டுக்கதையாகப் பட்டது. ஊர் என்ன சொல்லும் என்று அதற்கு மேல் அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பௌர்ணமி அன்று காலையில் தார்ரோட்டில் வேனுக்கு நின்றாள். திருவக்கரைக் கோயிலுக்குப் போகும் மினிபஸ்ஸுக்காக வெள்ளையம்மாள் புளியமரத்தடியில் தனியாக நின்றிருந்தாள். கையில் எலுமிச்சம்பழப் பை. வலது காலில் துணி சுற்றியிருந்தது. அதிலிருந்து வந்த வாடையிலேயே புண் பழையது என்று தெரிந்தது.

யாரும் இல்லையென்று சுற்றிப் பார்த்துக்கொண்டு வெள்ளையம்மாளே கிட்டே வந்தாள். "வேலைக்கா?"

"ஆமாங்க."

மனத்தில் இருந்ததை அன்புச்செல்வி அடக்கவில்லை. ஐதராபாத்தையும் மழையையும் பெரிய ஸ்டேஷனையும் படபடவென்று சொன்னாள். நான் நிறுத்தவில்லை, நான் ஒன்றும் செய்யவில்லை என்றாள். வெள்ளையம்மாள் முழுக்கக் கேட்டாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும், மழயும் கிழயும்? நீ நிறுத்தலன்னு எனக்கு அப்பவே தெரியும். போங்க போங்கன்னு நீ கெஞ்சுனதான, நான் கேட்டுக்கினுதான இருந்தேன்" என்றாள் வெள்ளையம்மாள்.

"அப்ப ஏன் மேடம் வெளிய சொல்லல?" என்றாள் அன்புச்செல்வி.

"அவன்தான் இருப்பா இருன்னு உட்காரவச்சான்னு எப்பிடிம்மா வெளிய சொல்லுவேன்? பெத்த புள்ள. அப்பன கொன்னவன்னு ஊரு பேசுமே. அவன் தாங்கமாட்டான்."

"நான் தாங்குவேனா?"

வெள்ளையம்மாள் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே நின்றாள். "உனக்கு இன்னா, படிச்ச பொண்ணு, எங்க போனாலும் பொழைச்சிக்குவ." பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தக் கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. கலைமதிக்குக் கட்டுக் கட்டத் தெரியல, பாத்தாலே அருவருக்குது அதுக்கு. நீ சாயங்காலம் ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போயேன். முன்னால வராத. தோட்டத்து வழியா வா, யாரும் பாக்கமாட்டாங்கோ" என்றாள்.

அன்புச்செல்வி அந்தக் காலைப் பார்த்தாள். துணியின் ஓரத்தில் விரல்கள் கறுத்திருந்தன. எங்கே சுத்தம் செய்ய வேண்டும், எவ்வளவு நாள் விட்டால் விரல் போகும் என்பதெல்லாம் அவள் கேட்காமலே மனத்தில் ஓடியது. குனிந்து பார்க்கக் கழுத்து தானாக அசைந்தது. அதை நிறுத்திக்கொண்டாள்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போங்க மேடம். இன்னிக்கே போங்க. கோயிலுக்கு அப்புறம் போவலாம்."

"அவன்கிட்ட கேக்கணும்..."

"கேளுங்க."

"நீ ஒரு தரம் பாத்தா..."

"முடியாது."

அந்த வார்த்தை தன் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது. வேன் வந்து நின்றது. ஏறி, பின்னால் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். சந்தோஷம் ஏதாவது வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. உண்மை தெரிந்த இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் வேலைக்குப் பயந்தான். இன்னொருத்தி மகனுக்குப் பயந்தாள். இரண்டு பேரும் அவளைக் கண்டால் நின்று நலம் விசாரித்தார்கள். அவளை நம்பாதவர்களை அவளால் எப்படியாவது மன்னித்துவிட முடிந்தது. இவர்களைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

தை மாதம் வெள்ளையம்மாளுக்குப் புதுச்சேரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கேள்விப்பட்ட அன்று அன்புச்செல்வி பசைப் பிரிவில் ஓவர்டைம் பார்த்தாள். அழுகிறாளா என்று பக்கத்திலிருந்தவள் கேட்டதற்கு, பசை நெடி கண்ணில் ஏறிவிட்டது என்றாள். அது பாதிதான் உண்மை.